மூட்டு வலியும் முன்வினையும்

(மாதர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் "பெண்களும் மூடநம்பிக்கையும்" என்பதைப்பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். நானும் அதற்கு வேண்டிய குறிப்புகளை எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் என் கண்ணில் பட்ட காட்சியானது அந்தக் குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்துவிடும்படி செய்துவிட்டது. அதாவது, ஆண்கள் பக்கத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன; பெண்கள் பக்கத்தில் ஜமக்காளம் விரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருபது வயது வாலிபர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அறுபதும் எழுபதும் ஆன தாய்மார்கள் தரையில் உட்காருகிறார்கள். ஒரு அம்மாள் தூணை ஒரு கையால் பிடித்து, மற்றொரு கையை மருமகள் தோளில் ஊன்றி, "முருகா, முருகா" என்று மூன்று தவணையில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாள் எழுந்திருப்பதற்கு எத்தனை தவணை ஆகுமோ தெரியாது.

எனக்கு வயது 66 ஆகிறது. இரண்டு முழங்காலிலும் பதினோரு வருஷமாக வலி. அதனால்தான் தலைவர் அவர்களிடம் உத்தரவு பெற்றுக்கொண்டு நான் உட்கார்ந்தபடியே பேசுகிறேன். ஆகவே, மூடநம்பிக்கையைப்பற்றிப் பேசுவதென்றால் அதை நமது முழங்காலிலிருந்தே ஆரம்பிப்பது பொருத்தமென்று கருதுகிறேன்.

"சுயமரியாதைக் கூட்டத்தில் முழங்கால் வலிக்கு என்ன வேலை? அது வைத்தியர் விஷயமல்லவா?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். தோழர்களே! தன் காலால் தான் எழுந்து நிற்க முடியாதவள் எதற்கெடுத்தாலும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவளாகிறாள். கக்கூசுக்குப் போவதற்கும் மருமகளைக் கூப்பிட வேண்டியவளுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? கூட்டத்துக்கு வரமுடியாது; ஓட்டுச் சாவடிக்குப் போகமுடியாது; பேரக் குழந்தையைத் தூக்கமுடியாது; வீட்டின் ஒரு மூலையே உலகம் என்றாகிவிடுகிறது. இப்படி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டவர்களிடத்தில்தான் ஜோசியனும், சாமியாடியும், மந்திரிக்கிறவனும், பொய் மருந்துக்காரனும் போய்ச் சேருகிறார்கள். ஆகையால் இது நம்முடைய விஷயந்தான்.

விதியா? வயதா?

முதல் முதல் எனக்கு வலி வந்தபோது எங்கள் தெருவிலுள்ள ஒரு பெரியம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "போன ஜன்மத்தில் யாரையோ காலால் உதைத்திருப்பாய், அதுதான் இந்த ஜன்மத்தில் காலில் வந்து நிற்கிறது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தால் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். அவர் காலும் வில்லாக வளைந்து கிடந்தது. அவர் யாரை உதைத்தாரோ!

அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சு அம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு சீட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பெரியம்மாள் விதி என்றார். டாக்டர் வயது என்றார். ஒன்று பழைய பாஷை. மற்றொன்று புதிய பாஷை. ஆனால் இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். "உன்னால் ஆவது ஒன்றுமில்லை, பேசாமல் கிட" என்பதுதான் அந்த அர்த்தம். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மறுத்தேன். நீங்களும் மறுக்கவேண்டும் என்று சொல்லத்தான் இன்று இங்கு வந்திருக்கிறேன்.

முன்வினை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 1908-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்தில் லா ஷப்பல்-ஓ-சென் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குகையிலிருந்து நியாண்டர்தால் என்னும் ஆதிமனித இனத்தைச் சேர்ந்த ஒருவனுடைய எலும்புக்கூடு கிடைத்தது. ஏறத்தாழ 50 ஆயிரம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்தவன் அவன். முதலில் பரிசோதித்த பண்டிதர் அந்த இனத்தாரே கூன் போட்டு நடந்தவர்கள் என்று எழுதிவிட்டார். 1957-இல் வேறு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அவனுக்கு முதுகெலும்பு மூட்டுகளில் கடுமையான வாதம் இருந்தது என்பதை எடுத்துக்காட்டினார்கள். ஆக, மநுவும் இல்லாத, கீதையும் இல்லாத, கோயிலும் புரோகிதரும் இல்லாத காலத்திலேயே மூட்டுவாதம் இருந்திருக்கிறது. அவன் எந்தச் சாஸ்திரத்தை மீறினான்? எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு செலுத்தாமல் விட்டான்?

அவ்வளவு தூரம் போவானேன்? நாய்க்கு இந்த வியாதி வருகிறது, குதிரைக்கு வருகிறது. கால்நடை வைத்தியரைக் கேட்டால் சொல்லுவார். புரோகிதருக்கும் வருகிறது, அவர் தாயத்துக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை, நல்ல எலும்பு வைத்தியராகப் பார்த்துத்தான் போகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகத்தில் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த மூட்டுவாதம் இருந்தது. அவர்களில் 36 கோடியே 50 லட்சம் பேருக்கு முழங்காலில் வலி. இவர்களில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, பவுத்தர், சாமியே இல்லை என்பவர் எல்லோருந்தான் இருக்கிறார்கள். முன் ஜன்மமே இல்லையென்று சொல்லுகிற மதக்காரருக்கு முன் ஜன்மப் பாவம் எப்படி வந்தது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

வியாதி என்பது என்ன?

இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் எலும்பு முனைகளின்மேல் வழவழப்பான ஒரு உறை இருக்கிறது. அதற்குக் குருத்தெலும்பு என்று பெயர். மூட்டைச் சுற்றி ஒரு பை. அந்தப் பைக்குள் கொஞ்சம் வழுக்கு நீர். வெளியே இழுத்துப் பிடிக்க நார்களும் தசைகளும். இந்த மூட்டுவாதத்தில் குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. அடியிலுள்ள எலும்பு தடித்து ஓரத்தில் முள் மாதிரி வளருகிறது. பை சில சமயம் வீங்கி நீர் கோக்கிறது. சுற்றியுள்ள தசை சூம்பிப் போகிறது.

இதை நம்மவர்கள் "தேய்மானம்" என்கிறார்கள். அந்தச் சொல்லே பாதி வியாதியைக் கொண்டுவந்துவிடுகிறது. ஏனென்றால் தேய்மானம் என்றவுடன் வண்டிச் சக்கரத்து அச்சு ஞாபகம் வருகிறது. "நடந்தால் இன்னும் தேயும்; ஆகையால் நடக்கக்கூடாது" என்று தீர்மானித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறோம். தாய்மார்களே! வண்டி அச்சுக்கு உயிர் கிடையாது. நம் மூட்டுக்கு உயிர் உண்டு. அது சேதமாவதும் தன்னைப் பழுதுபார்த்துக் கொள்வதும் இரண்டும் நடந்துகொண்டே இருக்கிறது. மேலும், குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய் கிடையாது. அதற்கு ஆகாரம் அந்த வழுக்கு நீரிலிருந்துதான் கிடைக்கிறது. மூட்டை அசைக்கும்போது, ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி நனைப்பதுபோல், அந்த நீர் உள்ளே போய் வருகிறது. ஆகவே அசைவுதான் அதற்குச் சோறு. அசைக்காமல் வைப்பது அதைப் பட்டினி போடுவதாகும்.

இன்னொரு விஷயம். குருத்தெலும்பிற்கு நரம்பும் கிடையாது. வலி என்பது எலும்பிலிருந்தும் பையிலிருந்தும் சுற்றியுள்ள தசை நார்களிலிருந்தும் வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் மிக மோசமாகத் தெரிகிற சிலருக்கு வலி கொஞ்சமாகவும், படத்தில் லேசாகத் தெரிகிற சிலருக்கு வலி பிராணன் போகிறமாதிரியும் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தைக் காட்டி "எலும்பு எலும்போடு உரசுகிறது" என்று பயமுறுத்தினால் பயந்து போகாதீர்கள். பயமும் வலியை வளர்க்கும். 45 வயதுக்கு மேல், வேலை செய்யும்போது வலித்து, காலையில் எழுந்தால் மூட்டு விறைத்து அரைமணி நேரத்துக்குள் சரியாகிவிடுமானால், பெரும்பாலும் படம் இல்லாமலே வைத்தியர் இன்னதென்று சொல்லிவிட முடியும்.

ஆனால் எல்லா மூட்டு வலியும் இதுவல்ல. காலையில் விறைப்பு அரைமணிக்கு மேல் நீடித்து, இரண்டு கைவிரல் கணுக்களும் வீங்கினால் அது வேறு வாதம். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து சாப்பிட்டால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பற்றுப்போட்டுக்கொண்டு நாளைக் கடத்தக்கூடாது.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

இந்த வியாதிக்காரர்களில் 100-க்கு 60 பேர் பெண்கள். உடனே "பெண்ணாய்ப் பிறந்ததே பாவத்தின் பலன்" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. உடலமைப்பு ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் உடலைவிட்டு, நமது வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். சீனாவில் பீக்கிங் நகரத்து முதியவர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கணக்கில், வாலிபத்தில் தினம் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் வாதம் அதிகமாயிருந்ததென்று தெரியவந்தது. நம் பெண்கள் செய்கிற வேலை எது குந்தாமல் செய்கிற வேலை? பாத்திரம் துலக்குவது குந்தி. துணி துவைப்பது குந்தி. அரிவாள்மணையில் நறுக்குவது குந்தி. வாசல் தெளித்துக் கோலம் போடுவது குனிந்து. வயலில் நாற்று நடுவது குனிந்து. தலையிலும் இடுப்பிலும் தண்ணீர்க் குடம். இதை ஆறு வயதில் ஆரம்பித்து அறுபது வயதுவரை செய்தால் முழங்கால் என்ன செய்யும்? இதற்கு பிரம்மா எழுதினது என்று பெயர் வைத்தால், எழுதினது பிரம்மா அல்ல, வீட்டு ஆண்பிள்ளைகள்தான் என்று நான் சொல்லுவேன்.

சாப்பாட்டையும் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மீந்த சோற்றை வீணாக்கக்கூடாது என்று கடைசியில் நாம் சாப்பிடுகிறோம். பருப்பும் முட்டையும் மீனும் முன்பந்தியிலேயே தீர்ந்துவிடும். நமக்கு மிஞ்சுவது சோறு. அதனால் உடம்பில் சதை ஏறுகிறது. தசையில் பலம் ஏறுவதில்லை. பிறகு அதே வீட்டார், "தின்று தின்று குண்டாகிவிட்டாள், அதுதான் கால் வலி" என்று கேலி பேசுகிறார்கள்.

என் தாயாருக்கு நேர்ந்தது

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். அதற்கு முன் என் சொந்த வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். என் தாயாருக்கும் முழங்கால் வலி இருந்தது. அவர் நான் சொன்னால் கேட்கமாட்டார். யாரோ சொன்னார்கள் என்று திருவண்ணாமலையை 12 பவுர்ணமி சுற்றுவதாக நேர்ந்துகொண்டார். 14 கிலோமீட்டர் தூரம், வெறுங்கால், அன்று முழுவதும் விரதம். எப்படி நடந்தார் என்று நாங்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். "அருணாசலன் நடத்தி வைக்கிறான்" என்று அவர் சொல்லுவார். ஏழாவது பவுர்ணமிக்குப் பிறகு ஒருநாள் மலம் தார்போல் கறுப்பாகப் போய் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றில் புண். இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அவருடைய சுருக்குப்பையை அவிழ்த்துப் பார்த்தேன். அதிலே விபூதிப் பொட்டலமும், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை அட்டைகளும் இருந்தன. வெறும் வயிற்றில் வேளைக்கு ஒன்றாக விழுங்கிக்கொண்டு மலையைச் சுற்றியிருக்கிறார். நடத்தி வைத்தது மாத்திரை. பெயர் வாங்கினது சாமி. புண்பட்டது என் தாயார் வயிறு.

தோழர்களே! நான் சாமியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு மூடத்தனம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்லுகிறேன். காரணம் கேட்காமல் சாமியை நம்புவது ஒன்று. காரணம் கேட்காமல் மாத்திரையை நம்புவது மற்றொன்று. டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைப்பது மெய். அவை வயிற்றைப் புண்ணாக்கக்கூடும். மூத்திரப்பையை அல்ல, அதற்கு மேலேயுள்ள சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். இருதயத்துக்கும் ஆபத்து உண்டு என்பதும் மெய். ரோஃபெகாக்சிப் என்ற ஒரு வலி மருந்தை, அதனால் மாரடைப்பு அதிகமாகிறதென்று தெரிந்ததும், 2004-இல் அதைச் செய்த கம்பெனியே உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, வேண்டியபோது, வைத்தியர் சொல்லி, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, வயிற்றுக்குக் காப்பும் சேர்த்துச் சாப்பிடவேண்டிய சரக்கு அது. முழங்காலுக்கு முதலில் அந்த மருந்தையே களிம்பாகத் தடவிப் பார்ப்பது நல்லது. அதில் உடம்புக்குள் போகிற மருந்து மிகக் கொஞ்சம்.

காணிக்கையும் காப்பும்

கோயிலில் வெள்ளித் தகட்டில் கால் உருவம் விற்கிறார்கள். வாங்கி உண்டியலில் போட்டால் கால் வலி போகுமாம். வேளாங்கண்ணியிலும் இதே வியாபாரம் நடக்கிறது; மதம் வேறு, தகடு ஒன்று. போட்ட கால் உண்டியலுக்குள் போய்விடுகிறது. நம் கால் வலி நம்மிடமே இருக்கிறது.

சாமியை விட்டவர்கள் செப்புக் காப்புப் போட்டுக்கொள்ளுகிறார்கள். அதையும் பரீட்சை பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மூட்டுவாதமுள்ள 45 பேருக்குக் காந்தக் காப்பு, செப்புக் காப்பு, சும்மா காப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வித்தியாசம் ஒன்றுமில்லை.

"அதெல்லாம் பாமர ஜனங்கள்; நாங்கள் விஞ்ஞானப்படி மாத்திரை சாப்பிடுகிறோம்" என்று படித்தவர்கள் குளூக்கோசமின் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 1583 பேரிடம் பரீட்சை செய்து 2006-இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெறும் மாவு மாத்திரையைவிட மேலானதாக அது காணப்படவில்லை. முழங்காலில் துளையிட்டுக் குழாய் விட்டுக் கழுவும் ரண சிகிச்சைக்கு ஆயிரமாயிரமாகச் செலவழித்தார்கள். அமெரிக்காவில் 180 பேரை எடுத்து, சிலருக்கு உண்மையாகவே கழுவியும், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டும் பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவு என்ன? கழுவினவர்களுக்கும் கீறித் தைத்தவர்களுக்கும் வலியில் வித்தியாசமில்லை! இப்போது சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றி முழங்காலில் ஊசி போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குப் போட்டுப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கையில் உப்பு நீர் ஊசியைவிட அது மேலாயில்லை.

இதுதான் விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் உள்ள வித்தியாசம். டாக்டர்கள் செய்த வைத்தியம் பலனில்லை என்பதை டாக்டர்களே பரீட்சை பண்ணி ஊரறியச் சொல்லுகிறார்கள். இத்தனை வருஷமாக உண்டியலில் போட்ட வெள்ளிக் கால்களில் எத்தனைக்குப் பலன் கிடைத்தது என்று எந்தத் தேவஸ்தானமாவது கணக்கு வெளியிட்டதுண்டா?

எல்லாவற்றிலும் ஆபத்தானது "பக்கவிளைவே இல்லாத மூலிகை" என்று சொல்லி விற்கும் சில மாத்திரைகள். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும். அப்படிப் பறந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். 2022-இல் அமெரிக்க அரசாங்க மருந்து இலாகா, மூட்டுக்கென்று இயற்கைச் சரக்காக விற்கப்பட்ட மாத்திரைகளைச் சோதித்து, அவற்றில் பெட்டியில் எழுதாத டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருந்ததாக எச்சரித்தது. ஸ்டீராய்டு நாட்பட உள்ளே போனால் சர்க்கரை ஏறும்; எலும்பு பலம் குறையும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நாட்டு வைத்தியமானாலும் இங்கிலீஷ் வைத்தியமானாலும் இன்ன சரக்கு என்று எழுதாத மருந்தை வாயில் போடாதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன?

"எல்லாவற்றையும் வேண்டாமென்கிறாயே, செய்யவேண்டியது என்ன?" என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். இதில் இரகசியமும் இல்லை, காசும் இல்லை.

முதலாவது, தொடையின் முன்பக்கத்துத் தசையைப் பலப்படுத்துவது. முழங்காலைத் தாங்குகிற தூண் அதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்ற காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் முதலில் உயரமான நாற்காலியில் ஆரம்பியுங்கள். இதோடு தினம் கொஞ்சம் நடை. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைத்துக் கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பலன் தெரியாது. ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும். சாமிக்கு 48 நாள் விரதம் இருக்கிறோமே, நம் காலுக்கு 60 நாள் கொடுக்கக்கூடாதா?

இரண்டாவது, உடம்பு கனத்திருப்பவர்கள் கொஞ்சம் இறக்குவது. 2005-இல் வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில், உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலின்மேல் 4 கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 4000 அடி நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு 2000 அடி. அப்படியானால் ஒரு கிலோ குறைத்த அம்மாளுடைய ஒரு முழங்காலுக்கு ஒரு நாளில் 8000 கிலோ பாரம் மிச்சம். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. சோற்றைக் குறைத்துப் பருப்பு, கீரை, முட்டை, மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு வழி என்ன? எல்லோரோடும் சேர்ந்து முதல் பந்தியிலேயே உட்காருவதுதான் வழி.

மூன்றாவது, சாதனங்கள். ஒரு காலில் வலியென்றால் தடியை எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும். நம்மில் அநேகர் வலிக்கிற பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே. தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அப்புறம் வெட்கப்படக்கூட எழுந்திருக்க முடியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், சுகமாயிருக்கும்.

நமது அரசாங்கம் 2021 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தில் தேகப்பயிற்சி வைத்தியம் செய்கிறவர்களும் வீட்டுக்கே வரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அது பிச்சை அல்ல, நம் வரிப்பணம்.

என் விஷயம் என்னவென்று கேட்டால், வலி அடியோடு போய்விடவில்லை. போய்விட்டது என்று சொன்னால் நானும் தாயத்து விற்கிறவர்களில் ஒருத்தியாகிவிடுவேன். மழைக் காலத்திலும், வேலை கூடின நாளிலும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் சந்தைக்கு நானே போய் வருகிறேன். பஸ் ஏறி இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருப்பேன். எனக்கு அது போதும்.

மூட்டு மாற்றுதல்

இவ்வளவும் செய்தும் இராத்தூக்கமின்றி, நாலு அடி நடக்கமுடியாமல் போனவர்களுக்கு மூட்டையே மாற்றுகிற ரண சிகிச்சை இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற வைத்தியர் 1962-இல் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இடுப்பு மூட்டை வெற்றிகரமாக வைத்துக் காட்டினார். இன்று வைக்கப்படும் முழங்கால் மூட்டின் மாதிரி 1974-இல் அமெரிக்காவில் வந்தது. 2019-இல் வெளியான ஒரு கணக்குப்படி, மாற்றின முழங்கால்களில் 100-க்கு 82, 25 வருஷத்துக்குப் பிறகும் நிற்கின்றன. "இந்த வயதில் கத்தியா?" என்று வீட்டில் தடுப்பார்கள். வயது ஒரு தடையல்ல. சர்க்கரையும் இருதயமும் கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதேபோல், பயிற்சியே செய்து பார்க்காமல் முதல் நாளே கத்தியை நீட்டுகிற இடத்திலிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2017 ஆகஸ்டு வரையில் செயற்கை முழங்காலின் சராசரி விலை ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது. அந்த மாதம் இந்திய சர்க்கார் விலைக்கு உச்சவரம்பு கட்டி, சாதாரணமாக வைக்கும் கோபால்ட் குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒரே நாளில் இவ்வளவு எப்படிக் குறைந்தது? உலோகத்தின் விலை குறையவில்லை. இடையிலே நின்றவர்களுடைய லாபம் குறைந்தது. நமது முழங்கால் வலியில் மதக்காரன் மாத்திரமல்ல, முதலாளியும் பங்கு எடுத்துக்கொண்டிருந்தான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

நாற்காலி

கடைசியாக, ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். தாழ்த்தப்பட்டவர் மேல்ஜாதியார் முன்பு உட்காரக்கூடாது என்றிருந்ததை எதிர்த்துப் போராடிய இயக்கம் இது. புருஷன் முன்பு பெண் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதையும் நாம் வாயால் மறுத்துவிட்டோம். ஆனால் அந்த வழக்கம் நம் காலடியிலே ஜமக்காளமாக விரித்துக் கிடக்கிறது. இதை விரித்த தோழர்கள் பெண்களை அவமதிக்க நினைத்து விரிக்கவில்லை. யோசிக்காமல் விரித்தார்கள். யோசிக்காமல் செய்வதற்குத்தானே மூடப்பழக்கம் என்று பெயர்?

ஆகவே நான் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். வீட்டில் உங்கள் தாயாருக்கோ மாமியாருக்கோ உட்கார ஒரு நாற்காலி, வேலை செய்ய உயரமான ஒரு மேடை, கக்கூசில் நாற்காலி போன்ற ஒரு பீடமும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு கல்யாணத்தில் மேளத்துக்கும் புரோகிதருக்கும் ஆகிற செலவில் பாதிகூட ஆகாது. இரண்டாவது, பாத்திரம் துலக்குவதையும் தண்ணீர் எடுப்பதையும் ஆண்களும் பங்கிட்டுக் கொள்ளுங்கள். அவர்களுக்கும் இரண்டு முழங்கால் இருக்கிறது. மூன்றாவது, நாம் கூட்டம் போடுகிற இடத்தில், வலியுள்ளவர்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், முதலில் நாற்காலி.

தோழர்களே! நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து சில வாலிபர்கள் எழுந்து நாற்காலிகளை இந்தப் பக்கம் கொண்டுவருவதைப் பார்க்கிறேன். மிகவும் சந்தோஷம். தூணைப் பிடித்து உட்கார்ந்த அந்த அம்மாளுக்கு முதலில் ஒன்று போடுங்கள். அம்மா, தாங்கள் "முருகா" என்றாலும் சரி, என்னாவிட்டாலும் சரி. தயவுசெய்து நாற்காலியில் உட்காருங்கள்.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் உங்கள் புத்தியைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.